சப்வூஃபரின் பிழையைச் சத்தத்தைக் கொண்டே பிடிப்பது எப்படி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறைதான் எங்களுக்குத் திரையரங்கு. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். சீமெந்துக்கல் சுவர், வழுவழுப்பான சீமெந்துத் தரை, மேலே சீற்றுக் கூரை. அந்த அறைக்காக 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் சப்வூஃபர், அதாவது அடிநாதத்தை மட்டும் ஒலிக்கும் பெட்டி, ஒன்று அடித்தேன். முதல் ஆறு மாதத்தில் அதை மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன். அதில் இரண்டு தடவை பிரித்திருக்கவே தேவையில்லை. ஒரு தடவை பிழை வயரில் இருந்தது. இன்னொரு தடவை நான் கதிரை போட்டிருந்த இடத்தில் இருந்தது.

ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்க முன்னர் காதைக் கொடுங்கள். பெட்டி என்ன சத்தம் போடுகிறது, எந்த நேரத்தில் போடுகிறது, எதைத் துண்டித்தால் நிறுத்துகிறது என்று பாருங்கள். பிழையின் இடத்தைப் பெரும்பாலும் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

தேவையானவை சில சின்னப் பொருட்கள்தாம்: ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் டோர்ச் பற்றரி ஒன்று, விரும்பிய ஹெர்ட்ஸில் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) ஒலி எழுப்பும் கைபேசிச் செயலி, ஒரு கட்டு ஊதுபத்தி. அம்பிளிஃபயரின் மூடியைத் திறக்க நேர்ந்தால் பிளக்கைக் கழற்றிய பின்னும் கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையை மின்னணு திருத்துநரிடம் விடுவதே நல்லது.

சத்தமே வரவில்லை

அம்பிளிஃபயரின் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பிளக்கின் ஃபியூஸ், அம்பிளிஃபயரின் ஃபியூஸ், இந்த இரண்டும்தான் முதல் சந்தேகம். எரிகிறது, ஆனால் சத்தமில்லை என்றால், ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ரிசீவரின் அமைப்புக்குள் போங்கள். அங்கே சப்வூஃபர் 'உண்டு' என்று இருக்க வேண்டும். முன் ஸ்பீக்கர்கள் 'சிறியவை' என்று இருக்க வேண்டும். அவை 'பெரியவை' என்று இருந்தால், சில ரிசீவர்கள் பாட்டிலுள்ள அடிநாதம் முழுவதையும் அவற்றுக்கே அனுப்பிவிடும். அப்போது படம் பார்க்கையில் மட்டும் சப்வூஃபர் வேலை செய்யும், பாட்டுக் கேட்கையில் ஊமையாகிவிடும்.

தானாக உறங்கி விழிக்கும் அம்பிளிஃபயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டால், வரும் சமிக்ஞை அதை எழுப்பப் போதாது. சுவிட்சை 'எப்போதும்' என்ற நிலையில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி ஓம் அளவைப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும். 8 ஓம் என்றால் 5.5 முதல் 7 வரை. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் எரிந்திருக்கலாம், அல்லது கூம்புக்குப் போகும் பின்னல் வயர் அறுந்திருக்கலாம். கூம்பை மெல்ல அசைக்கும்போது அளவு வந்து வந்து போனால் பின்னல் வயர்தான். அதை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம், புது ஸ்பீக்கர் தேவையில்லை.

ஓயாமல் உறுமுகிறது

படம் ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரே சீராகக் கேட்கும் இந்த உறுமல்தான் அதிகமானோரை அலைய வைக்கிறது. நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செயலியில் முதலில் 50 ஹெர்ட்ஸையும் பிறகு 100 ஹெர்ட்ஸையும் ஒலிக்கவிட்டு, உங்கள் உறுமல் எதை ஒத்திருக்கிறது என்று கேளுங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் 50 கேட்காது, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். 100 என்றால் அம்பிளிஃபயரின் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் களைத்திருக்கக்கூடும். 50 என்றால் பெரும்பாலும் நில இணைப்பில் உண்டான சுற்று.

இப்போது ரிசீவரிலிருந்து வரும் சமிக்ஞை வயரைச் சப்வூஃபரின் பக்கத்தில் கழற்றுங்கள். உறுமல் தொடர்ந்தால் பிழை அம்பிளிஃபயருக்குள். நின்றுவிட்டால் பிழை அதற்கு வெளியே. வெளியே என்றால் அடுத்ததாகத் தொலைக்காட்சிக்கு வரும் டிஷ் அல்லது கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான். கூரையில் நிற்கும் டிஷ்ஷின் வயர் ஒரு வழியாக நிலத்தைத் தொடுகிறது, அம்பிளிஃபயரின் மூன்றாம் ஊசி வேறொரு வழியாகத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் ஓடும் சிறு மின்னோட்டம் சமிக்ஞை வயரின் உறையைப் பாதையாக்கிக்கொள்கிறது. அதைத்தான் ஸ்பீக்கர் நமக்கு வாசித்துக் காட்டுகிறது. இதை அறியாமல் நான் முழுப் பெட்டியையும் பிரித்து, அம்பிளிஃபயரை வெளியே எடுத்து, இரண்டு நாள் வீணாக்கினேன்.

தீர்வு எளிது. ரிசீவர், தொலைக்காட்சி, சப்வூஃபர் மூன்றையும் ஒரே சுவர்ச் சொக்கற்றிலிருந்து ஓட்டுங்கள். அதிலும் தீராவிட்டால் டிஷ் வயரில், அந்த நிலப் பாதையை அறுக்கும் தனிமைப்படுத்தி ஒன்றைப் பொருத்துங்கள். சமிக்ஞை வயரில் போடும் மலிவான தனிமைப்படுத்திகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றிலுள்ள குட்டி மின்மாற்றி, நாம் இவ்வளவு பாடுபட்டுத் தேடும் ஆழ ஒலியையே தின்றுவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பிளக்கின் நில ஊசியை வெட்டாதீர்கள், அதன் வயரைக் கழற்றிவிடாதீர்கள். உறுமல் நிற்கும் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். நிற்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஒரு வயர் கழன்று உலோகத் தகட்டில் பட்ட அன்றைக்கு, அதைத் தொடும் பிள்ளைக்குக் காவல் இருக்காது.

சத்தம் இருக்கிறது, நெஞ்சில் விழவில்லை

ஒலி கேட்கும், ஆனால் கனம் இருக்காது. காரணங்கள் பல. செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, துருவம். ஸ்பீக்கரின் வயரை அம்பிளிஃபயரிலிருந்து கழற்றி, டோர்ச் பற்றரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. அதன் பிறகு, கூம்பின் தள்ளலையும் இழுப்பையும் தலைகீழாக்கும் கட்டச் சுவிட்ச். 80 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டு, வழக்கமாக அமரும் இடத்தில் இருந்துகொண்டு, இன்னொருவரைச் சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எந்த நிலையில் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அதுவே சரி. முன் ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் சந்திக்கும் அந்த எல்லையில், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இரண்டாவது, நீங்கள் அமரும் இடம். நம் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகிறது. 14 அடி நீள அறையில், அதாவது 4.27 மீற்றரில், 41 ஹெர்ட்ஸ் ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் சிக்கிக்கொண்டு நிற்கும். சுவரோரம் அது இடிபோலக் கேட்கும். அறையின் நட்டநடுவில் அநேகமாக இல்லாமலே போய்விடும். என் கதிரை சரியாக நடுவில் இருந்தது. ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்துப் பெட்டியை இரண்டாம் தடவை பிரித்தது அப்போதுதான். கதிரையை மூன்றடி பின்னே தள்ளியதும் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிட்டது.

பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. பெட்டியைத் தூக்கி நீங்கள் அமரும் இடத்தில் வையுங்கள். அடிநாதம் நிறைந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு தரையில் தவழ்ந்தபடி சுவரோரமாகச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் ஒலி நிறைவாகவும் சீராகவும் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுவே இடம். மூலையில் சத்தம் கூடும், ஆனால் சீராக இருக்க வேண்டுமென்பதில்லை.

மூன்றாவது, காற்று கசிதல். மூடிய பெட்டியானால் கூம்பின் நடுவை இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்ல அழுத்திவிட்டு விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. குழாய் வைத்த பெட்டியானால் குழாயின் வாயைச் சாரத்தைச் சுருட்டி அடைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். பிறகு 25 ஹெர்ட்ஸை மெதுவாக ஒலிக்கவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை மூட்டுகள், வயர் போகும் துளை, ஸ்பீக்கரின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போங்கள். புகை நடுங்கும் இடத்தில் கசிவு. உள்ளே சிலிக்கன் பூசினால் தீர்ந்தது. அது காயும்போது விடும் ஆவி ஸ்பீக்கரின் ஒட்டுகளுக்கு நல்லதல்ல. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டே ஸ்பீக்கரைப் பூட்டுங்கள்.

நான்காவதும் கடைசியுமானது பெட்டியின் கொள்ளளவு. இதை என் அனுபவத்தோடு சொல்கிறேன். நான் ஓடாவியாரிடம் கொடுத்த அளவு 40 × 40 × 45 சென்ரிமீற்றர். அவர் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெளியளவா, உள்ளளவா?" என்று கேட்டார். "பெட்டியின் அளவுதான், ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய கேள்வியின் பெறுமதி அப்போது எனக்குத் தெரியவில்லை. வெளியளவில் அது 72 லீற்றர். 18 மில்லிமீற்றர் பலகையை இரு பக்கமும் கழித்தால் உள்ளே 36.4 × 36.4 × 41.4, அதாவது 55 லீற்றர். குழாய், ஸ்பீக்கரின் பின்புறம், உள்ளே கொடுத்த குறுக்குச் சட்டம் ஆகியவற்றையும் கழித்தால் ஏறக்குறைய 49.

குழாய் வைத்த பெட்டியில், குழாயும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் ஒலியைத் தூக்கிவிடும். அது பெட்டியின் லீற்றரையும் குழாயின் அளவையும் பொறுத்தது. குழாயின் நீளத்தைக் கணக்கிடும் முறை இது: உள்விட்டத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து வர்க்கமாக்கி, 23,562.5 ஆல் பெருக்குங்கள். விரும்பும் ஹெர்ட்ஸின் வர்க்கத்தையும் லீற்றரையும் பெருக்கி வரும் தொகையால் அதை வகுங்கள். கடைசியில் விட்டத்தின் 0.732 மடங்கைக் கழியுங்கள். 10 சென்ரிமீற்றர் குழாய்க்கு, 72 லீற்றர் என்று எண்ணிக்கொண்டு, 28 ஹெர்ட்ஸுக்காக நான் வெட்டியது 34 சென்ரிமீற்றர். உண்மையான 49 லீற்றரில் அந்தக் குழாய் 34 ஹெர்ட்ஸிலேயே பேசியது. அதற்குக் கீழே எல்லாம் வெறுமை. சரியான நீளம், குழாய் தானே பிடிக்கும் கூடுதல் இடத்தையும் சேர்த்தால், 57 சென்ரிமீற்றருக்கு அருகில் வந்தது. அது நேராக உள்ளே நிற்காது. எல்போ வைத்து வளைத்தேன். குழாயின் உள்முனைக்கும் பலகைக்கும் இடையே குழாயின் விட்டமளவாவது இடைவெளி விட வேண்டும். மூன்று தடவையில் பெட்டியைப் பிரித்தது நியாயமாக இருந்தது இந்த ஒரு தடவைதான்.

எந்தப் பாட்டுக்கும் ஒரே முழக்கம்

தவில், மிருதங்கம், குண்டு வெடிப்பு எல்லாமே ஒரே சுரத்தில் 'பூம்' என்று கேட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று அறை. செயலியில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் யன்னலே நடுங்குகிறது என்றால் அது அறையின் சுரம். எங்கள் அறைக்கு நீளத்தால் 41, அகலத்தால் 52, உயரத்தால் 57. இப்படி எழும் மேட்டைச் சமன்செய்கருவியால் குறைக்கலாம். பள்ளத்தை மட்டும் அதனால் நிரப்ப முடியாது, எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அறை அதை விழுங்கிவிடும். சீமெந்துத் தரையும் சுவரும் உள்ள வீடுகளில் மெத்தைக் கதிரையும் தடித்த திரைச்சீலையும் குரலைத் தெளிவாக்கும். 40 ஹெர்ட்ஸுக்கு அவை ஒன்றும் செய்யா.

மற்றது பெட்டி. ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்.எஸ் (கூம்பு தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), கியூ.டி.எஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் அடங்குகிறது என்பது), வி.ஏ.எஸ் (கூம்பின் தாங்கலுக்கு ஈடான நெகிழ்வுள்ள காற்றின் லீற்றர்) என்று எண்கள் இருக்கும். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மோல் என்னும் இருவரின் ஆய்விலிருந்து வந்த அளவுகள் இவை. மூடிய பெட்டிக்கு வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் லீற்றரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கியூ.டி.எஸ்ஸால் பெருக்குங்கள். விடை 0.7 அளவில் இருந்தால் ஒலி கட்டுக்குள் இருக்கும். கியூ.டி.எஸ் 0.40, வி.ஏ.எஸ் 60 லீற்றர் என்று கொண்டால், 28 லீற்றர் பெட்டியில் 0.71 வரும். அதே ஸ்பீக்கரை 15 லீற்றருக்குள் அடைத்தால் 0.89. அதுதான் அந்த முழக்கம். பெட்டியைப் பெரிதாக்க முடியாவிட்டால் உள்ளே தலையணைக்குப் போடும் பொலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள், பெட்டி சற்றுப் பெரியது போல நடக்கும். இலவம் பஞ்சு நம்மூர் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், எனக்கு அதில் விருப்பமில்லை. தாளே இல்லாத ஸ்பீக்கரை, எவ்வளவு மலிவென்றாலும், வாங்காதீர்கள். அளவு தெரியாமல் பெட்டி அடிப்பது கால் அளவு தெரியாமல் செருப்புத் தைப்பது.

குழாயில் 'புஸ் புஸ்'

ஆழ ஒலி வரும்போது குழாயிலிருந்து காற்று சீறினால் குழாய் ஒடுக்கம். நாலங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு மூன்றங்குலக் குழாயினதைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. அகலத்தைக் கூட்டும்போது நீளத்தையும் கூட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வாயின் கூரிய விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டாலே பாதிச் சீறல் போய்விடும்.

சலசலப்பும் கீச்சொலியும்

வீடு அதிர்கிறதா, பெட்டி அதிர்கிறதா, ஸ்பீக்கரா? மெல்ல ஏறும் ஒலியைப் போட்டுவிட்டு ஒருவர் செயலியைப் பிடித்திருக்க, மற்றவர் அறையைச் சுற்றிக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் நின்றால் அதுதான் பிழை. கண்ணாடி அலுமாரி, யன்னல் கொளுக்கி, மின்விசிறியின் கிண்ணம், சுவரில் மாட்டிய சாமிப் படம். சீற்றுக் கூரையுள்ள வீடுகளில் கூரை ஆணியின் வாசர் தளர்ந்திருந்தால் பகலில் வெப்பத்தில் விரிந்து பேசாமல் இருந்து, இரவில் சுருங்கியபின் சலசலக்கும். பகலில் சரியாக இருந்தது இரவில் கெட்டுவிட்டதே என்று குழம்ப வேண்டாம்.

பெட்டியில் என்றால் உள்ளே வயர் கூம்பில் தட்டுகிறதா என்று பாருங்கள், ஒரு கட்டு நாடா போதும். ஸ்பீக்கரில் என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூம்பை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்திக் காதை வையுங்கள். சுரண்டும் சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் உரசுகிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

'டக் டக்' என்று அடிபடுகிறது

படத்தில் பெரிய வெடிப்பு வரும்போது சுத்தியலால் தட்டியது போலக் கேட்டால் உடனே சத்தத்தைக் குறையுங்கள். கூம்பு தன் எல்லையைத் தாண்டி அடிபடுகிறது. ஹெர்ட்ஸ் பாதியாகும்போது, அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். குழாய் வைத்த பெட்டியில், குழாயின் சுரத்துக்குக் கீழே கூம்பைத் தாங்கிப்பிடிக்கக் காற்றும் இல்லை. 28 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு, 25 அளவுக்குக் கீழான ஒலியை வெட்டும் கீழ்வெட்டு வடிகட்டி அவசியம். ரிசீவரிலும் அம்பிளிஃபயரிலும் இரண்டிலும் பேஸ் கூட்டி வைத்திருந்தால் ஒன்றைச் சுழியமாக்குங்கள். 10 டெசிபல் கூட்டுவது பத்து மடங்கு சக்தி கேட்பது.

பாட்டே இல்லாமல், சுவிட்சைப் போட்டதும் கூம்பு வெளியே தள்ளியோ உள்ளே இழுத்தோ அப்படியே நின்றால் அது வேறு கதை. உடனே நிறுத்தி, ஸ்பீக்கரைக் கழற்றி, அம்பிளிஃபயரின் வெளியீட்டில் நேரோட்ட (டி.சி) மின்னழுத்தத்தைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால், திருத்தும்வரை அதில் எந்த ஸ்பீக்கரையும் பூட்டக்கூடாது.

கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

வாகனங்களுக்கான ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு இரண்டு சுருள்கள் உண்டு. இரண்டு 4 ஓம் சுருளைப் பக்கத்துக்குப் பக்கம் இணைத்தால் 2 ஓம், ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8. 4 ஓமுக்குக் குறையாத சுமை கேட்கும் வீட்டு அம்பிளிஃபயரில் 2 ஓமைக் கொடுத்தால் அது சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இணைப்பை மாற்றுங்கள். இணைப்பு சரியென்றால், அம்பிளிஃபயரின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

மாரி கழிந்ததும் குரல் மாறிவிட்டது

போன வருடம் சரியாக இருந்தது, இப்போது கரகரக்கிறது, அல்லது விட்டுவிட்டுக் கேட்கிறது. திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை ஒட்டியிருப்பவர்களுக்கு இது பழகிய நோய். முதலில் வயர் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சைப் பூப்பு இருந்தால் அந்த அளவை வெட்டி எறிந்து, புது முனையை ஈயம் பூசிப் பூட்டுங்கள். சமிக்ஞை வயரின் முனையை மின்தொடுகை துப்புரவாக்கியால் துடையுங்கள். ஸ்பீக்கரின் விளிம்பு நுரைப் பஞ்சானால் விரலால் தொட்டுப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. நம் ஊருக்கு றப்பர் விளிம்புதான் ஏற்றது.

பிறகு பலகை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையின் வெட்டுமுகம் வாடைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கும். அந்த அசைவில் ஸ்குரூ பிடிமானம் இழக்கும், மூட்டு வாய்விடும், கசிவு வரும். மீன்பிடிப் படகு பழுதுபார்க்கும் இடங்களில் கிடைக்கும் ஃபைபர் கிளாஸ் ரெசினை வாங்கி, பெட்டியின் உட்புறம் முழுவதும், முக்கியமாக வெட்டுமுகங்களிலும் மூட்டுகளிலும், இரண்டு பூச்சுக் கொடுங்கள். கடல்நீரில் கிடக்கும் படகையே காக்கும் பொருள் அது. திறந்த வெளியில் வைத்துப் பூசுங்கள், மணம் போகும்வரை ஸ்பீக்கரைப் பூட்ட வேண்டாம். ஸ்குரூவின் துளை பெருத்திருந்தால் நீளமான ஸ்குரூவைத் திணிக்காமல், பலகையின் பின்புறம் பற்களுள்ள நட்டை அடித்து போல்ட் போடுங்கள். தை பிறந்ததும் ஒரு தடவை, கச்சான் அடங்கியதும் ஒரு தடவை, அந்த போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.